இப்னு ரிள்வான் கண்ட விண்மீன்

ஹிஜ்ரி 396ஆம் ஆண்டு ஷஅபான் மாதத்தின் தொடக்கத்தில், அதாவது கி.பி. 1006ஆம் ஆண்டு மே மாத முதல் நாட்களில், இராக்கிலிருந்து பார்ப்போருக்குக் கிப்லாவின் இடப்புறத்தில் புதிய விண்மீன் ஒன்று தோன்றியது. வெள்ளியைப் போன்று பெரிதாக இருந்தது என்றும், அதன் கதிர்கள் நிலவின் கதிர்களைப் போலத் தரையில் விழுந்தன என்றும், துல்கஅதா மாதத்தின் நடுப்பகுதிவரை நிலைத்திருந்து பின்னர் மறைந்தது என்றும் வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் தமது ‘அல்காமில்’ நூலில் பதிவு செய்துள்ளார்.

அவ்வேளை கெய்ரோவில் கல்வி கற்கத் தொடங்கியிருந்த இளைஞர் ஒருவரும் அதனைக் கண்டார். அவருக்கு வயது ஏறத்தாழ 18. அவரே பிற்காலத்தில் ஃபாத்திமிய ஆட்சியில் தலைமை மருத்துவராக விளங்கிய அலீ இப்னு ரிள்வான். பல்லாண்டுகள் கழித்து, தாலமியின் சோதிட நூலுக்கு உரை எழுதியபோது, தாம் இளமையில் கண்ட அக்காட்சியை அவர் விரிவாக எழுதிவைத்தார். அவ்விண்மீன் வெள்ளியைவிட இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாகத் தோன்றியது; அதன் ஒளி நிலவொளியின் கால் பங்கினும் சற்று மிகுதி; விருச்சிக ராசியில், சூரியனுக்கு நேர் எதிரே 15ஆம் பாகையில் அது இருந்தது. அன்றைய தினம் சூரியனும் சந்திரனும் ஏனைய கோள்களும் எந்தெந்தப் பாகையில் நின்றன என்பதையும் அவர் கணக்கிட்டுக் குறித்தார். அக்குறிப்பைக் கொண்டே இன்றைய வானியலார் அந்நாளைக் கி.பி. 1006 ஏப்ரல் 30 எனக் கண்டறிந்துள்ளனர்.

நமது உத்திரமேரூரில் குடவோலை முறையை விவரிக்கும் முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவை பொறிக்கப்பட்டு ஏறத்தாழ 85 ஆண்டுகள் கழிந்து, தஞ்சையில் முதலாம் இராஜராஜன் ஆண்டுகொண்டிருந்த காலத்தில் இந்நிகழ்வு நடந்தது. அவ்விண்மீன் தென்வானுக்கு உரியது. ஆதலால் கெய்ரோவில் அது தொடுவானிலிருந்து எழும்பிய உயரத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு உயரத்தில் இவ்வூரின் வைரமேக தடாகத்திற்கு மேலே ஒளிர்ந்திருக்கும்.

அது என்ன விண்மீன்? ஏன் தோன்றியது, ஏன் மறைந்தது? இவ்வினாவிற்கான விடை ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னரே கிட்டத் தொடங்கியது. அவ்விடையின் முக்கியமான கண்ணியை வகுத்தவர் சென்னையில் பயின்ற 19 வயது மாணவர் ஒருவர். இவ்விரு இளைஞர்களின் வரலாற்றையும் இணைத்து நோக்கினால், அறிவைத் தேடும் நெறி குறித்து நமக்குச் சில பாடங்கள் கிடைக்கின்றன.

கண்டது ஒன்று, கொண்டது ஒன்று

அக்கால அறிஞருலகம் அரிஸ்டாட்டிலின் கொள்கையை ஏற்றிருந்தது. சந்திர மண்டலத்திற்குக் கீழ் உள்ளவையே தோன்றி அழிவன. அதற்கு மேலுள்ள வானுலகப் பொருட்கள் மாறாதவை என்பது அக்கொள்கை. வானில் புதிதாக ஒன்று தோன்றினால் அது விண்மீனாக இருக்க முடியாது; காற்று மண்டலத்தில் பற்றியெரியும் ஆவியாகவே இருக்க வேண்டும்.

பேரறிஞர் இப்னு சீனாவும் இதே நிகழ்வைக் கண்டவர். ‘அஷ்ஷிஃபா’ என்னும் அவரது பெருநூலில், ஏறத்தாழ மூன்று மாதங்கள் நிலைத்து, நிறம் மாறி, மெல்ல மெல்ல ஒளி குன்றி மறைந்த ஒரு பொருளைப் பற்றிய குறிப்பு உள்ளது. அது 1006ஆம் ஆண்டு விண்மீனே என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2016இல் எடுத்துக்காட்டினர். எனினும் இப்னு சீனா அதனைப் பேசிய இடம் விண்மீன்களைப் பற்றிய பகுதியன்று. காற்று மண்டல நிகழ்வுகளைப் பற்றிய பகுதி. கண் கண்டதைப் பேனா உண்மையாகவே எழுதிற்று. ஆனால் அதனை எந்த அறையில் வைப்பது என்பதை முன்னோர் கொள்கை முடிவு செய்துவிட்டது.

இப்னு ரிள்வானும் தம் காலத்தின் பிடியிலிருந்து முற்றிலும் விலகியவர் அல்லர். அவ்விண்மீனைப் போருக்கும் பஞ்சத்திற்கும் முன்னறிவிப்பாகவே அவர் கருதினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அண்ணலார் தெளிவுபடுத்தியதை நாம் அறிவோம். அந்தப் போதனையின் ஒளியில் இப்னு ரிள்வானின் சோதிட முடிவுகளை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் அவர் பாகைகளையும் அளவுகளையும் பிழையின்றி எழுதினார். முடிவுகள் உதிர்ந்துபோயின, அளவுகள் நின்று பயன் தருகின்றன.

‘ஹைஅத்’ என்னும் கலை

வானியலுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் ‘இல்முல் ஹைஅத்’. ஹைஅத் என்றால் அமைப்பு, உருவம் என்பது பொருள். கண்ணுக்குத் தெரியும் ஓட்டங்களுக்குப் பின்னால் எத்தகைய அமைப்பு இருந்தால் அவ்வோட்டங்கள் விளையும் என்று வகுத்துக் காட்டுவதே அக்கலையின் பணி. இன்றைய சொல்லில் அதுவே ‘மாதிரி’ அமைத்தல். நேரில் சென்று தொட முடியாத ஒன்றின் உருவத்தை அறிந்த விதிகளைக் கொண்டு எழுத்தில் கட்டி, அதிலிருந்து வரும் விளைவுகளைக் கண்ணால் கண்டவற்றோடு ஒப்பிடுவது.

இக்கலை நம் மதரஸாக்களுக்கு அந்நியமானதன்று. ஃபிரங்கி மஹல் முல்லா நிஜாமுத்தீன் அவர்களின் பெயரால் வழங்கும் தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் ‘தஷ்ரீஹுல் அஃப்லாக்’, ‘ஷரஹ் சக்மீனி’ ஆகிய ஹைஅத் நூல்கள் இடம்பெற்றிருந்தன. இப்னு ரிள்வான் காலத்தில் அதே கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், தாலமியின் மாதிரிகள் மீது ஐயங்களை எழுப்பி ‘அஷ்ஷுகூக் அலா பத்லமியூஸ்’ என்ற நூலையே யாத்தார். ஒரு மாதிரி கணக்குக்கு ஒத்துவந்தால் மட்டும் போதாது, இயற்கையில் அது இருக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது அவரது வாதம். 13ஆம் நூற்றாண்டில் மராகாவில் நஸீருத்தீன் தூஸியும், 14ஆம் நூற்றாண்டில் திமிஷ்கில் இப்னுஷ் ஷாத்திரும் புதிய மாதிரிகளைப் படைத்தனர்.

ஆனால் அவை யாவும் விண்மீன்களின் ஓட்டத்தையும் இருப்பிடத்தையும் பற்றியவை. விண்மீனின் உள்ளே என்ன இருக்கிறது என்ற வினாவிற்கு வேறு வகை ஹைஅத் தேவைப்பட்டது.

விண்மீனின் உள்ளமைப்பு

விண்மீன் என்பது மிகப் பெரும் வாயு உருண்டை. அதன் எடை அதனை உள்நோக்கி நசுக்குகிறது. உள்ளிருக்கும் வெப்ப வாயுவின் அழுத்தம் அதனை வெளிநோக்கித் தள்ளுகிறது. இரண்டும் ஒவ்வோர் ஆழத்திலும் சமமாக இருக்கும்வரை விண்மீன் நிலைத்திருக்கும். வானியலார் விண்மீனை வெங்காயம் போன்று பல நூறு அடுக்குகளாகக் கற்பனை செய்கின்றனர். ஒவ்வோர் அடுக்கிலும் எவ்வளவு பொருள், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஆற்றல் வெளிச் செல்கிறது என்ற நான்கையும் நான்கு சமன்பாடுகளால் கணக்கிடுகின்றனர். மையத்தில் எரிபொருள் செலவாகுந்தோறும் கணக்கை மீண்டும் போட, விண்மீனின் வாழ்க்கை முழுவதும் தாளில் விரிகிறது.

அமெரிக்கர் ஹோமர் லேன் 1870இல் சூரியனின் உட்பகுதிக்கு இத்தகைய கணக்கைத் தொடங்கினார். நம் நாட்டின் மேக்நாத் சாஹா 1920இல் வெளியிட்ட சமன்பாடு, விண்மீனின் நிறமாலையைக் கொண்டு அதன் வெப்பத்தை அறிய வழி திறந்தது. அதே ஆண்டில் ஆங்கிலேய வானியலார் ஆர்தர் எடிங்டன், ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதே சூரியனின் எரிபொருளாக இருக்கலாம் என்றார். 1926இல் வெளிவந்த அவரது நூல் விண்மீன்களின் உள்ளமைப்புக் கலைக்கு அடித்தளமாயிற்று. ஹைட்ரஜன் எரியும் வழிகளை ஹான்ஸ் பெத்தே 1939இல் விளக்கினார்.

இம்மாதிரிகளின்படி சூரியனின் மையத்தில் வெப்பம் ஒன்றரைக் கோடி பாகை. அதன் வயது 460 கோடி ஆண்டுகள். இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகள் அது ஹைட்ரஜனை எரிக்கும். பின்னர் ஊதிப் பெருத்துச் செம்பெருமீன் ஆகும். மேலுறை கழன்ற பின் எஞ்சும் மையக்கரு ‘வெண்குள்ளன்’ எனப்படும் சிறு விண்மீனாகச் சுருங்கி ஆறும். எவரும் காணாத சூரிய மையத்தைப் பற்றி இவ்வாறு உறுதியாகப் பேசுவது எங்ஙனம்? மாதிரி சோதனைக்கு உட்படுவதால்தான். சூரிய மையத்திலிருந்து வரும் நியூட்ரினோ துகள்களை 1960களின் இறுதியிலிருந்து எண்ணியபோது, மாதிரி கூறியதில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. மாதிரியே தவறோ என்று பலர் ஐயுற்றனர். அத்துகள்கள் வழியில் வகை மாறுகின்றன என்பதைக் கனடாவின் சட்பரி ஆய்வகம் 2001, 2002ஆம் ஆண்டுகளில் நிறுவியது. மாதிரியின் கணக்கு சரியாகவே இருந்தது.

ஷிஃராவின் துணை

திருக்குர்ஆனின் 53ஆம் அத்தியாயமான ‘அந்நஜ்ம்’ பெயர் சொல்லிக் குறிப்பிடும் விண்மீன் ‘ஷிஃரா’. அறியாமைக் காலத்து அரபுகளில் குஸாஆ கோத்திரத்தார் அதனை வணங்கினர் என விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். அவ்விண்மீனுக்கும் இறைவன் அல்லாஹ்வே என்பது அவ்விடத்துப் போதனை. நம் இரவு வானில் மிகுந்த ஒளியுடைய விண்மீன் அதுவே. 8.6 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது.

ஷிஃராவின் ஓட்டத்தில் ஒரு தள்ளாட்டம் இருப்பதைக் கண்ட ஜெர்மானியர் பெஸ்ஸல், அதற்குக் கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று இருக்க வேண்டும் என 1844இல் அறிவித்தார். 1862இல் ஆல்வன் கிளார்க் அதனைத் தொலைநோக்கியில் கண்டார். சூரியனின் எடையும் பூமியின் பருமனும் கொண்ட வெண்குள்ளன் அது. அதன் பொருள் ஒரு கன சென்டிமீட்டர் அளவே சராசரியாக 2 டன்னுக்கு மேல் எடையுள்ளது. எரிபொருள் தீர்ந்த பின்னும் அது ஏன் நொறுங்கவில்லை? நெருக்கி அடைக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் மேலும் நெருங்க மறுத்துத் தரும் அழுத்தமே அதனைத் தாங்குகிறது என்று 1926இல் ஆர்.எச். ஃபௌலர் விளக்கினார். எந்த விண்மீனும் இறுதியில் இவ்வாறு அமைதியாக அடங்கும் என்றே அனைவரும் கருதினர்.

சென்னை இளைஞரின் கணக்கு

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910 அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்த தமிழர். தந்தையார் இரயில்வே கணக்குத் துறை அதிகாரி. தாயார் சீதாலட்சுமி, நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழாக்கியவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சந்திரசேகர் பயின்றார். பட்டம் பெறுமுன்னரே அவரது ஆய்வுரை ஒன்று இலண்டன் இராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளிவந்துவிட்டது.

மேற்படிப்புக்காக 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறிய அவர், பயணத்தின்போது ஃபௌலரின் கணக்கைத் திரும்ப ஆராய்ந்தார். மிகுந்த நெருக்கத்தில் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை அண்மிக்கும். அப்போது ஐன்ஸ்டைனின் சார்பியல் விதியையும் சேர்க்க வேண்டும் என்று உணர்ந்தார். சேர்த்தபோது வந்த விடை அவரையே திகைக்க வைத்தது. ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் எலெக்ட்ரான் அழுத்தத்தால் விண்மீனைத் தாங்க இயலாது. 1931இல் அச்சேறிய முதல் கணக்கில் அவ்வெல்லை சூரிய எடையில் 0.91 பங்கு. உட்பொருளின் இயல்பு திருத்தமாக அறியப்பட்ட பின் அது ஏறத்தாழ 1.4 மடங்கு என நிலைபெற்றது. இங்கிலாந்தின் எட்மண்ட் ஸ்டோனர் போன்றோரும் அக்காலத்தில் இத்தகைய எல்லையை வேறு வழியில் அணுகினர். விண்மீனின் முழு அமைப்புக் கோட்பாட்டிற்குள் அதனைப் பொருத்தி நிறுவியவர் சந்திரசேகர். இன்று அது ‘சந்திரசேகர் எல்லை’ எனப்படுகிறது.

1935 ஜனவரி 11 அன்று இலண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டத்தில் அவர் தம் முடிவை முன்வைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன், அக்கலைக்கே ஆசான். சந்திரசேகரின் கணக்கு விண்மீனை அபத்தமான முடிவுக்கு இட்டுச் செல்கிறது. அவ்வாறு நடவாதபடி தடுக்க இயற்கையில் விதி இருந்தாக வேண்டும் என்று அவர் எள்ளி நகையாடினார். அவையோர் சிரித்தனர். இயற்பியலில் பெரும்பெயர் பெற்ற சிலர் தனிப்பட்ட முறையில் சந்திரசேகரே சரி என்று ஒப்புக்கொண்டனர். ஆயினும் எடிங்டனை எதிர்த்து வெளிப்படையாகப் பேச முன்வரவில்லை.

இப்னு சீனாவின் நிலையும் எடிங்டனின் நிலையும் இங்கு ஒத்திருப்பதைக் காணலாம். இருவரும் பேரறிவாளர்கள். வானம் இவ்வாறு நடந்துகொள்ளாது என்ற முன்முடிவு இருவரையும் தடுத்தது. முன்னோர் சொல்லை ஆதாரம் கேளாமல் ஏற்பதைத் ‘தக்லீத்’ என்றும், ஆதாரத்தைத் தேடி உறுதி செய்வதைத் ‘தஹ்கீக்’ என்றும் நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். தக்லீத் கல்லாதவர்க்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணுவது தவறு. தம் கொள்கைக்குத் தாமே முகல்லிது ஆகிவிடும் அறிஞர்களும் உண்டு.

சந்திரசேகர் வசைபாடவில்லை. தம் கணக்குகள் அனைத்தையும் திரட்டி 1939இல் நூலாக வெளியிட்டுவிட்டு, வேறு துறைக்குச் சென்றார். எடிங்டனுடன் நட்பையும் முறிக்கவில்லை. எடிங்டன் நூற்றாண்டையொட்டி 1982இல் கேம்பிரிட்ஜில் சொற்பொழிவாற்றியபோது, அவரைத் தம் காலத்தின் தலைசிறந்த வான்இயற்பியலார் என்றே போற்றினார். கருத்து வேறுபாட்டிலும் ஒழுக்கம் பேணுவதை ‘அதபுல் இக்திலாஃப்’ என்று நம் அறிஞர்கள் தனிப்பாடமாகவே கற்பித்தனர். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. 1995 ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் மறைந்தார்.

விடை

எல்லையைக் கடந்த விண்மீன் கரு என்னவாகும்? நியூட்ரான் விண்மீனாகவோ கருந்துளையாகவோ நொறுங்கும். நாடி போன்று துடிக்கும் நியூட்ரான் விண்மீன்களை 1967இல் ஜோசலின் பெல் கண்டறிந்தார். ஆனால் கரியும் ஆக்ஸிஜனும் நிறைந்த வெண்குள்ளன் ஒன்று பக்கத்து விண்மீனிடமிருந்து பொருளைக் கவர்ந்தோ, மற்றொரு வெண்குள்ளனோடு மோதி இணைந்தோ அவ்வெல்லையை நெருங்கினால் வேறொன்று நிகழும். அதன் கரி முழுவதும் கணத்தில் தீப்பற்றி, விண்மீன் முற்றாக வெடித்துச் சிதறும்.

1006இல் தோன்றியது இவ்வகை வெடிப்பே. அதன் எச்சத்தை ஆஸ்திரேலியாவின் வானொலித் தொலைநோக்கியைக் கொண்டு 1965இல் அடையாளம் கண்டனர். அது ஏறத்தாழ 7,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. வெடிப்பில் உயிர்தப்பிய துணை விண்மீன் எதுவும் அங்கு இல்லை என்று 2012இல் வெளிவந்த ஆய்வு கூறியது. எனவே இரு வெண்குள்ளன்கள் இணைந்தே வெடித்திருக்கக்கூடும் என்ற கருத்து வலுப்பெற்றது. 1999 ஜூலை 23 அன்று அமெரிக்கா ஏவிய எக்ஸ்-கதிர் விண்நோக்கிக்குச் சந்திரசேகரின் நினைவாக ‘சந்திரா’ என்று பெயரிடப்பட்டது. அது இவ்வெச்சத்தையும் படம்பிடித்துள்ளது. இப்னு ரிள்வான் கண்ட விண்மீனைச் சென்னை மாணவரின் பெயர் தாங்கிய கருவி இன்று நோக்குகிறது.

நமக்குரிய எச்சரிக்கை

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருக்குர்ஆனின் 86ஆம் அத்தியாயம் கூறும் ‘தாரிக்’ என்பது துடிக்கும் நியூட்ரான் விண்மீனே. அறிவியல் 1967இல் கண்டதைக் குர்ஆன் அன்றே கூறிவிட்டது என்று மேடைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் கேட்கிறோம். என் மாணவர்களும் இதனை ஆர்வத்தோடு கேட்பதுண்டு. அவர்களின் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். வாதத்தை ஏற்கத் தயங்குகிறேன்.

தாரிக் என்னும் சொல்லுக்கு இரவில் வருபவர், கதவைத் தட்டுபவர் என்பது அரபுகள் அறிந்த பொருள். அவ்வத்தியாயமே தாரிக் இன்னதென்று விளக்கும்போது ஆளும் ‘ஸாகிப்’ என்ற சொல் இருளைத் துளைக்கும் ஒளியைக் குறிக்கும். முஃபஸ்ஸிர்களில் சிலர் அது சனிக்கோள் என்றனர். சிலர் சுரையா என்னும் கார்த்திகைக் கூட்டம் என்றனர். விண்மீன்கள் அனைத்திற்கும் பொதுவான சொல் என்றனர் வேறு சிலர். தம் கருத்தை இறைவாக்கின் மீது கட்டாயமாக ஏற்றாத பேணுதல் அவர்களிடம் இருந்தது. துடிக்கும் விண்மீன்களோ பெரும்பாலும் வெறுங்கண்ணுக்குப் புலப்படாதவை.

மாதிரிகள் திருந்திக்கொண்டே இருப்பவை. 0.91 என்பது 1.4 ஆயிற்று. அது அறிவியலுக்குக் குறையன்று; அதுவே அதன் வழி. ஆனால் மாறும் ஒன்றின் மீது மாறாத வேதத்தைச் சாய்த்து வைத்தால், மாதிரி மாறும் நாளில் இளைஞனின் ஈமானும் ஆட்டம் காணும். வானங்களையும் பூமியின் படைப்பையும் சிந்திக்குமாறு குர்ஆன் பணிக்கிறது. பிறர் சிந்தித்து முடித்த பின், அது எங்களிடம் முன்பே இருந்தது என்று உரிமை கோருவது சிந்தித்தல் ஆகாது.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே ஜவ்வாது மலையேறினால் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கிருந்து விண்மீன்களை நோக்குகிறது. அரபுக் கல்லூரிகள் நிறைந்த வட்டாரத்திற்கு அருகிலேயே அது இருக்கிறது. ‘ஷரஹ் சக்மீனி’ ஓதிய மரபின் பிள்ளைகள் அங்கே ஒருமுறையேனும் அழைத்துச் செல்லப்பட வேண்டும். தொழுகை நேரத்திற்கும் தலைப்பிறைக்கும் பிறர் அச்சிட்ட அட்டவணையை நம்பியிருக்கும் நாம், அவ்வட்டவணை எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதையாவது மாணவர்களுக்குக் கற்பித்தல் கடமை. வானைக் கண்டு, அளந்து, பிழையின்றி எழுதிவைக்கும் ஓர் இளைஞன் போதும். அவன் எழுத்து ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் எவருக்கேனும் பயன்படும். இப்னு ரிள்வானின் எழுத்து அவ்வாறே பயன்பட்டது.

அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.